திரையா, சோதனையா, மாலை வகுப்பா: ஒரு கிராமத்துப் பள்ளிக்கு வந்த நான்கு லட்சம்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 170 பிள்ளைகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படித்துவிட்டு இன்று சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள், தங்களுக்குள் திரட்டிய நான்கு லட்சம் ரூபாயைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்து, பிள்ளைகள் நன்றாகப் படிப்பதற்கு எது உதவுமோ அதற்குச் செலவிடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கட்டடத்துக்கோ சுற்றுச்சுவருக்கோ வேண்டாம் என்பது மட்டுமே அவர்கள் விதித்த நிபந்தனை. முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தக் குழுவில் எனக்கும் ஓர் இடம் உண்டு. குழுவின் முன் இப்போது மூன்று யோசனைகள் இருக்கின்றன. இரண்டு வகுப்பறைகளில் தொடுதிரைப் பலகை வைப்பது முதல் யோசனை. ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் பாணியையும் கண்டறியும் சோதனையை ஒரு தனியார் நிறுவனத்தைக் கொண்டு நடத்துவது இரண்டாவது. ஊர்ப் பொதுக்கூடத்தில் மாலை நேரப் படிப்பு வகுப்பு ஒன்றைத் தொடங்கி இரண்டு ஆண்டுகளாவது விடாமல் நடத்துவது மூன்றாவது.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு எனக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அது எனக்கு ஏழாம் வகுப்பில் கிடைத்தது.

ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போய், பின்தங்கிய பிள்ளைகளோடு உட்காருவது என் வழக்கம். அப்படி ஒரு நாள் 412ஐ 4ஆல் வகுக்கச் சொன்னேன். ஒரு சிறுமி கணக்கை முடித்துவிட்டு, விடையின் மேல் இடது உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "ஏம்மா மறைக்கிற?" என்று கேட்டதற்கு, "தப்பா இருக்கும் சார்" என்றாள். கையை எடுத்துப் பார்த்தபோது 13 என்று எழுதியிருந்தது. நான்கில் நான்கு ஒரு முறை, ஒன்றில் நான்கு போகாது, ஆகவே அடுத்த எண்ணையும் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டில் மூன்று முறை என்று சரியாகவே போயிருக்கிறாள். போகாத இடத்தில் ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. அவளுடைய அம்மா நடவுக் குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகிறவர். மொத்தமாக வாங்கிய கூலியைத் திண்ணையில் வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதைப் பார்த்தே வளர்ந்த பெண் அவள். அதனால் தாளை மூடி வைத்துவிட்டு, "நானூத்திப் பன்னெண்டு ரூபாயை நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். கண்ணை ஒரு நொடி மேலே உயர்த்தி, "நூத்தி மூணு" என்று சொல்லிவிட்டாள். வாயில் 103ஆக இருந்தது தாளில் 13 ஆகிவிட்டது என்பதை அவளே பார்த்தபோது, அந்தக் கை மறுபடியும் விடையை மறைக்கப் போகவில்லை.

ஆகவே மூன்று யோசனைகளிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி. அந்தப் பிள்ளை எந்தப் படியில் வழுக்குகிறாள் என்பதை எது கண்டுபிடிக்கும், அவள் கையை எது விலக்க வைக்கும்?

கற்றல் பாணிச் சோதனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. பிள்ளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய் வீதம் 170 பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரம் ரூபாய் ஆகும் என்று கேட்கிறார்கள். கேள்வித்தாளோடு பத்து விரல்களின் ரேகையையும் பதிவு செய்து, இவர் காட்சிவழி கற்பவர், இவர் செவிவழி கற்பவர், இவர் செயல்வழி கற்பவர் என்று ஒவ்வொருவருக்கும் வண்ண அறிக்கை ஒன்று தருவார்களாம். கூட்டத்தில் இருந்த பெற்றோரில் பலர் இதை ஆவலோடு கேட்டார்கள். அந்த ஆவலை நான் குறைவாக நினைக்கவில்லை. "உங்கள் பிள்ளை மக்கு இல்லை, அவன் கற்கும் வழிதான் வேறு" என்ற வார்த்தைக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் தாய் தகப்பன்மார்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அந்த வார்த்தையின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிதான் ஆராய்ச்சியில் நிற்கவில்லை.

பார்த்தல், கேட்டல், படித்தெழுதுதல், செய்தல் என்ற நான்கு வகைப் பகுப்பை நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1992ல் முன்வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றைப் பிரிட்டனில் கல்வி ஆய்வாளர் ஃபிராங்க் காஃபீல்டும் உடன் உழைத்தவர்களும் 2004ல் திரட்டிப் பார்த்தபோது, 71 வெவ்வேறு பகுப்பு முறைகள் புழக்கத்தில் இருந்தது தெரிய வந்தது. ஒரே பிள்ளையை எழுபத்தோரு விதமாகப் பிரிக்க முடியுமென்றால் அந்தப் பிரிவுகளை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது. 2008ல் ஹெரால்டு பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் என்ற நான்கு உளவியலாளர்கள் இதைச் சோதிக்க வேண்டிய முறையைத் தெளிவாக எழுதினார்கள். காட்சிவழி கற்பவர் என்று சொல்லப்படுபவர்களில் பாதிப் பேருக்குப் படமாகவும் பாதிப் பேருக்குப் பேச்சாகவும் பாடம் நடத்த வேண்டும். செவிவழி கற்பவர்களையும் அப்படியே இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். கொள்கை உண்மையானால், தத்தம் பாணியில் பாடம் கேட்டவர்கள் மற்ற பாணியில் கேட்டவர்களைவிட நன்றாகச் செய்திருக்க வேண்டும். அப்படி முறையாகச் செய்யப்பட்ட ஆய்வுகளே மிகக் குறைவு என்பதும், செய்யப்பட்டவற்றில் பலவும் கொள்கைக்கு எதிராகவே முடிந்தன என்பதும் அவர்கள் கண்டவை. பாணி பார்த்துப் பாடம் நடத்துவதற்குப் பள்ளிகள் பணம் செலவிட இப்போதுள்ள சான்றுகள் போதாது என்றே அவர்கள் முடித்தார்கள்.

பிள்ளைகளுக்கு விருப்பங்கள் இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. படம் பார்க்கப் பிடிக்கும் பிள்ளையும் கதை கேட்கப் பிடிக்கும் பிள்ளையும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எந்தப் புலன் வழியாகக் கற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கற்கப்படும் பொருள்தான். சுவாமிமலையில் மெழுகில் உருவம் பிடிக்கக் கற்கும் ஒருவரைச் செவிவழி கற்பவர் என்று சொல்லி உட்கார வைத்து விரிவுரை நிகழ்த்தினால், மெழுகு எந்தச் சூட்டில் இளகும் என்பது அவர் விரலுக்குத் தெரியப்போவதில்லை. மிருதங்கம் கற்கிறவர் சொற்கட்டை வாயால் சொல்லி, காதால் கேட்டு, பிறகு கையில் கொண்டுவர வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளும் வசதி எந்த மாணவருக்கும் இல்லை. வரைபடம் எல்லோருக்கும் கண்ணுக்குரியது, செய்யுளின் ஓசை எல்லோருக்கும் காதுக்குரியது, நாற்றை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்பது எல்லோருக்கும் கைக்குரியது.

விரல் ரேகையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கருவிலேயே உருவாகிவிடும் அந்தக் கோடுகளைக் கொண்டு அறிவுத்திறனைக் கணிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. இந்த அறிக்கைகளில் அடிக்கடி அமெரிக்க உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னரின் பெயரும் வரும். பல்வகை அறிவுத்திறன் என்ற கருத்தை அவர் 1983ல் சொன்னது உண்மை; ஆனால் அது கற்றல் பாணிகளைப் பற்றியது அல்ல என்பதை அவரே பிற்பாடு எழுதித் தெளிவுபடுத்தியிருக்கிறார்.

எனக்கு உள்ள பெரிய அச்சம் வீணாகும் பணத்தைப் பற்றியது அல்ல. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்து, நீ இப்படிப்பட்டவன் என்று பெரியவர்கள் சொன்னால் அவன் அதை நம்பிவிடுவான். "நான் செவிவழிப் பிள்ளை, எனக்கு வடிவியல் வராது" என்று ஒதுங்கிக்கொள்ள அது இடம் கொடுத்துவிடும். 412 கணக்கில் வழுக்கிய சிறுமியை எந்தப் பெட்டியில் போட்டாலும், விட்டுப்போன பூஜ்யம் அந்த அறிக்கையில் இருக்காது. பிள்ளைகளுக்கு இடையே உண்மையாகவே இருக்கும் வேறுபாடுகள் வேறு: முன்பு கற்றது எவ்வளவு நினைவில் நிற்கிறது, எழுத்துக் கூட்டுவதில் டிஸ்லெக்சியா போன்ற சிரமம் இருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா, கண் சரியாகத் தெரிகிறதா என்பவை. கரும்பலகை தெரியாததால் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவனை ஒன்றரை ஆண்டுகள் கவனக்குறைவானவன் என்று நான் நினைத்திருக்கிறேன். அந்தத் தவறு இன்றும் எனக்கு உறுத்துகிறது. அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதனை இலவசமாகவே நடக்கிறது. ஒரு பிள்ளைகூட விட்டுப்போகாமல் அதை முடிப்பது, ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரம் செய்ய முடியாததைச் செய்யும்.

தொடுதிரைப் பலகைக்கு வருகிறேன். இதில் என் மனம் அவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாயவில்லை. நல்ல திரை என்ன செய்யும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். கல்லணையில் காவிரி பிரியும் இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் திறந்து, வெண்ணாற்றோடு கீழே இறங்கி, நீடாமங்கலத்தில் அது கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிவதைக் காட்டி, அங்கிருந்து எங்கள் ஊர் வாய்க்காலையும் பள்ளிக் கூரையையும் பெரிதாக்கியபோது, ஆறாம் வகுப்பே இருக்கையை விட்டு எழுந்து வந்துவிட்டது. தங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை அவர்கள் அன்று கண்ணால் கண்டார்கள். எத்தனை ஆண்டுகள் சுவர் வரைபடத்தைக் காட்டி நடத்தியிருந்தாலும் அது நடந்திருக்காது.

ஆனால் அதே திரையில் இன்னொன்றையும் பார்த்தேன். உணவு செரிமானம் பற்றிய அசைவூட்டப் படத்தைப் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். புரிந்ததா என்றதற்கு எல்லோரும் ஒரே குரலில் புரிந்தது என்றார்கள். மறுநாள் எதையும் பார்க்காமல், வாயில் போட்ட சோறு எந்தெந்த உறுப்பு வழியாகப் போகிறது என்று எழுதச் சொன்னபோது, மூன்று பேரால்தான் முழுதாக எழுத முடிந்தது. சுலபமாக ஓடும் படம், நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற உணர்வைக் கொடுத்துவிடுகிறது. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்க்கும்போதுதான் எது தங்கியது, எது போனது என்பது தெரியும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். இதற்குத் தேவைப்படுவது ஒரு தாளும் ஒரு பென்சிலும்.

நாடுகள் அளவில் பார்த்தாலும் கருவி மட்டும் போதவில்லை என்பதே தெரிகிறது. பள்ளிகளில் கணினிக்குப் பெருமளவில் செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணக்கிலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 2015 அறிக்கை சொன்னது. பெரு நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மடிக்கணினி கொடுத்த திட்டத்தைப் பற்றி 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012ல் வந்தபோது, கணக்கு, மொழித் தேர்வு மதிப்பெண்களில் மாற்றம் காணப்படவில்லை. நம் மாநிலத்திலும் 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கப்பட்டது. அதனால் வாழ்க்கையில் உயர்ந்தவர்களை எனக்கு நேரில் தெரியும். அதைத் திறக்காமலே விற்றவர்களையும் தெரியும்.

ஆனால் எதிர்ப்பக்கத்துச் சான்று ஒன்று வலுவாக நிற்கிறது, அதை மறைப்பது நியாயமாகாது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு நடத்தப்பட்ட மாலை மையங்களைப் பொருளாதார ஆய்வாளர்களான கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் ஆகியோர் ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். 619 மாணவர்கள் அதில் இடம்பெற்றார்கள். நாலரை மாதங்களில் மையத்துக்குப் போனவர்கள் கணக்கில் அடைந்த முன்னேற்றம், போகாதவர்கள் அடைந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இங்கே கவனிக்க வேண்டியது அந்த மென்பொருள் செய்த காரியம். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணக்கில் உண்மையில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் நின்றது அங்கே தெரிந்தது. மென்பொருள் அந்த இடத்துக்கே இறங்கிப் போய்க் கேள்வி கேட்டது. தொண்ணூறு நிமிட வகுப்பில் பாதி நேரம் கணினியோடும், பாதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியரோடும் கழிந்தது. இதற்கு முன்பு குஜராத்தில் லீ லிண்டன் செய்த ஆய்வு ஒன்றும் என் நினைவுக்கு வருகிறது: பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கணினியில் பயின்ற பிள்ளைகள் முன்னேறினார்கள், ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு அதே கணினியைக் கொடுத்தபோது பின்தங்கினார்கள்.

இந்த வெளிச்சத்தில் எங்கள் முன் இருக்கும் தொடுதிரைப் பலகையைப் பார்த்தால், அது நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே படத்தைக் காட்டும் கருவி. எட்டாம் வகுப்புப் பாடத்தை அழகாகக் காட்டும். எட்டாம் வகுப்பில் இருந்துகொண்டு ஐந்தாம் வகுப்புக் கணக்கில் நிற்கும் பிள்ளைக்கு அது அழகான, புரியாத பாடம். ஒன்றின் விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று விலைப்புள்ளி வந்திருக்கிறது. இரண்டும், இன்வெர்ட்டரும், இணைய இணைப்பும், பொருத்துகூலியும் சேர்ந்தால் நான்கு லட்சமும் முடிந்துவிடும். அரசு கொடுத்த கணினிகளும் ஒரு திரையும் பள்ளியில் ஏற்கெனவே இருக்கின்றன. 2023ல் வந்த மணற்கேணி செயலியில் பாடக் காணொளிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கார்த்திகை இடியில் ஒரு பலகையின் மின்சுற்று எரிந்துபோனால் பழுது பார்க்கிறவர் திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோதான் வர வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபின், உள்ளடங்கிய ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது.

அந்தப் புயலை நினைத்தால் மூன்றாவது யோசனைக்குள் தானாகவே வந்துவிடுகிறேன். பள்ளி மறுபடி திறந்த நாட்களில், காற்று சற்றுப் பலமாக அடித்தாலே வகுப்பு முழுவதும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்கும். அந்த நேரத்தில் நான் சொன்ன எந்த வாய்பாடும் யார் காதிலும் ஏறவில்லை. பாடம் மூளைக்கு, பயம் மனசுக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசுவது நம் வழக்கம். ஆனால் கணக்குப் போடும்போது இடைநிலை எண்களைக் கையில் வைத்திருப்பதுபோல் வைத்திருக்கும் செயல்நினைவு என்ற இடம் மிகச் சிறியது. பயமும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. கணக்கு பயம் உள்ளவர்களைப் பற்றி உளவியலாளர் மார்க் ஆஷ்கிராஃப்ட் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின: இலக்கத்தைக் கடத்தும் கணக்குகளில் அவர்கள் அதிகம் தடுமாறியதற்குக் காரணம், கவலையே செயல்நினைவின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டதுதான். 2011ல் ஹெரார்தோ ரமிரெஸும் ஷான் பெய்லாக்கும் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிவிட்டுப் போன மாணவர்கள், குறிப்பாகத் தேர்வுப் பயம் அதிகம் உள்ளவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ரமிரெஸின் கட்டுரையைப் படித்த ஆண்டு, பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்கு முன் நானும் அப்படி எழுதச் சொல்லி, யாரும் படிக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்துத் தாள்களை அவர்களிடமே விட்டுவிட்டேன். மதிப்பெண் எவ்வளவு கூடியது என்று நான் அளக்கவில்லை. தேர்வறைக்குள் நுழையும்போது முகங்கள் கொஞ்சம் இளகியிருந்தன என்று மட்டும் சொல்ல முடியும்.

உணர்ச்சி என்றால் பயம் மட்டும் அல்ல. பசி ஒரு காரணம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் பக்கத்துத் திருக்குவளையில்தான் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது; ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நடவு நாட்களில் விடியற்காலையிலேயே அம்மா வயலுக்குப் போய்விட்ட வீட்டில், தம்பிக்குத் தலை வாரிவிட்டு வரும் எட்டாம் வகுப்புப் பெண் பெரும்பாலும் மதியச் சத்துணவு வரை எதுவும் சாப்பிடுவதில்லை. அவமானம் இன்னொரு காரணம், பசியைவிட அதை மறைப்பது சுலபம். ஏழாம் வகுப்பு வந்த பிறகு வகுத்தல் தெரியாது என்று நாற்பது பேர் முன்னால் சொல்வதற்கு எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. சிறு கூட்டத்தில், தெரிந்த ஓர் அக்காவிடம், சொல்ல வரும்.

மாலை வகுப்புக்கு ஆதரவாக நான் வைக்கும் வாதம் இதுவே. இது புதிய யோசனையும் அல்ல. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய திட்டத்தில், அந்தந்தப் பகுதியில் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, கோல், டஃப்லோ, லிண்டன் ஆகியோர் 2007ல் வெளியிட்ட ஆய்வு அதனால் தெளிவான பலன் கிடைத்ததைக் காட்டியது. நம் மாநிலத்தில் கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அதே வழியில் போனது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஊர்த் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொன்னார்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த சிங், ரொமேரோ, முரளிதரன் ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம்.

எங்கள் கணக்கு இப்படி வருகிறது. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஊரில் இருக்கும் இரண்டு பெண்களுக்கு மாதம் நான்காயிரம் வீதம் பத்து மாதத்துக்கு எண்பதாயிரம் ரூபாய். ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி சுண்டல், ஆளுக்கு ஆறு ரூபாய் என்று 180 நாளைக்கு ஐம்பத்து நான்காயிரம். நோட்டு, பென்சில், விளக்கு, மின்கட்டணத்துக்குப் பதினைந்தாயிரம். ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்குள் முடியும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் கையில் ஒரு லட்சம் மிஞ்சும். சுண்டலை ஆடம்பரம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். மாலை ஐந்தரை மணிக்கு வயிறு காய்ந்து வரும் பிள்ளையிடம் பின்னத்தைப் பற்றிப் பேசிப் பார்த்தால் அவரும் மாற்றிச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

இந்த யோசனையிலும் ஓட்டைகள் உண்டு, அவற்றை மூடி வைத்துவிட்டு நான் பரிந்து பேசக் கூடாது. கற்றுக்கொடுக்கும் பெண்ணுக்குத் திருமணமாகி வேறு ஊர் போய்விட்டால் வகுப்பு நின்றுவிடும்; திரை அப்படிப் போவதில்லை. மாலை வகுப்பு நாளடைவில் வீட்டுப்பாடம் எழுதும் இடமாகவோ, பள்ளிப் பாடத்தையே மறுபடி ஒப்பிக்கும் டியூஷனாகவோ சுருங்கிவிடும் ஆபத்து பெரிது. அப்படி ஆனால் 13 எழுதிய சிறுமி அங்கேயும் விடையைக் கையால் மறைத்துக்கொண்டுதான் இருப்பாள். எந்தத் தெருப் பிள்ளையும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமாகப் பொதுக்கூடம் இருக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும்விட முக்கியமானது. அது இல்லாத ஊரில் இந்த யோசனையைவிடப் பள்ளி வளாகத்தையே மாலையில் திறந்து வைப்பது மேல். பெண் பிள்ளைகள் இருட்டியபின் தனியே திரும்பாதபடி ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும்.

இங்கே பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் பள்ளி நாட்காட்டியும் வயல் நாட்காட்டியும் மோதிக்கொள்ளும் மாதங்கள் உண்டு. ஜூன் 12ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் குறுவை வேலையும், புரட்டாசி ஐப்பசியில் சம்பா நடவும், ஐப்பசி கார்த்திகையில் மழை விடுமுறையும், தையில் அறுவடையும் வரும். அதற்கு அடுத்தே பொதுத்தேர்வு. ஒரு வாரம் மழையில் பள்ளி மூடினால் கற்றது எவ்வளவு கரைகிறது என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். படித்த உடனே மறதி எவ்வளவு வேகமாகத் தொடங்குகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே அளந்து காட்டினார். இடைவெளி விட்டு மீண்டும் நினைவுகூர்வதுதான் அதற்கு மருந்து. பாதை துண்டிக்கப்பட்ட நாட்களிலும் ஊருக்குள்ளேயே இருக்கும் கூடத்தில், நடந்தே வரும் அக்கா ஒருவர் பத்துக் கேள்வி கேட்க முடியும். பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வரும் ஆசிரியர்களுக்கு அந்த நாட்களில் அது இயலாது.

ஆகவே குழுவின் முன் நான் எழுத்தில் வைத்திருக்கும் பரிந்துரை இது. கற்றல் பாணிச் சோதனைக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். மாலை வகுப்பை இரண்டு ஆண்டுகளுக்கு உறுதி செய்துகொண்டு தொடங்குவோம். சேரும் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பிலும் நான்கு அடிப்படைக் கணக்கிலும் எந்தப் படியில் நிற்கிறது என்று தனித்தனியாக உட்கார்ந்து பார்த்து ஒரு நோட்டில் எழுதி, வகுப்பு எண்ணைப் பார்க்காமல் அந்தப் படியைப் பார்த்துக் குழு பிரிப்போம். கற்றுக்கொடுக்கப் போகும் இரண்டு பெண்களோடு முதல் மாதம் நான் தினமும் உட்காருகிறேன். பிள்ளை தவறாக எழுதியதும் அழிக்கச் சொல்லாமல், எப்படி இந்த விடை வந்தது என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்குக் கைவரும் வரை. மிஞ்சும் ஒரு லட்சத்தைத் தொடாமல் வைத்திருந்து, ஆறு மாதம் கழித்துத் தமிழில், நம் பாடத்திட்டத்தோடு ஒட்டி, பிள்ளை நிற்கும் படிக்கு இறங்கி வரும் மென்பொருள் ஏதாவது கிடைத்தால், அதைப் பள்ளியில் இருக்கும் கணினிகளிலேயே பத்துப் பிள்ளைகளோடு சோதித்துப் பார்த்துவிட்டு, உதவினால் ஐந்தாறு கைக்கணினிகள் வாங்கலாம். கல்லணைப் படம் போன்ற பாடங்களுக்கு இப்போது இருக்கும் திரையே போதும்; அதன் சாவி எப்போதும் பூட்டிய அலமாரிக்குள் இருக்கக் கூடாது.

வளைகுடாவில் இருக்கும் நண்பர்கள் திரைப் பலகையில் தங்கள் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். மாலை வகுப்பில் பெயர் பொறிக்க ஒரு கல்கூட இருக்காது என்பதை அவர்களிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். குழு வரும் வெள்ளிக்கிழமை கூடுகிறது. எந்த முடிவு எடுத்தாலும், பொதுக்கூடத்தின் மேற்குப் பக்கம் ஒழுகும் ஓடுகளை ஆடி முடிவதற்குள் மாற்றித் தருவதாக ஊராட்சியில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.